ஜார்ஜ் ஷைராஸ்: பறவைகளின் பிரதிநிதி

சட்டசபையில் ஒரே ஒரு தவணை வீற்றிருந்து, தாம் கொண்டுவந்த பெரிய மசோதா நிறைவேறாமலே வீடு திரும்பிய அங்கத்தினர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அவர்களுடைய பெயர்கள் சபையின் ஜாபிதாக்களில் இருக்கும். ஜனங்களின் ஞாபகத்தில் இரா. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸில் 1903-ம் வருஷம் மார்ச்சு முதல் 1905-ம் வருஷம் மார்ச்சு வரையில் பென்ஸில்வேனியா மாகாணத்தின் பிரதிநிதியாக இருந்த மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸும் கணக்குப்படி பார்த்தால் அந்த வரிசையைச் சேர்ந்தவரே. (காங்கிரஸ் என்பது அங்கே சட்டசபைக்கே பெயர், நமது மகாசபையுடன் வாசகர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆயினும், வட அமெரிக்காவின் மேல் வருஷந்தோறும் வடக்கும் தெற்குமாகப் பறந்து செல்லும் பறவைகளுக்கு இன்று சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறதென்றால், அச்சட்டத்தின் முதல் நகலைச் சபைமுன் வைத்தவர் அவர். காட்டில் மறைத்து வைத்த காமிராவைத் தூரத்திலிருந்து நூலால் இயக்கி, மனிதனைக் கண்டால் நில்லாத ஜீவன்களைப் படம் பிடிக்கும் வித்தைக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவரும் அவரே. இவ்விரண்டு காரியங்களுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கலாம். உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

ஷைராஸ் 1859-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி பென்ஸில்வேனியாவில், பின்னாளில் பிட்ஸ்பர்க் நகரத்தோடு சேர்க்கப்பட்ட அலிகேனி என்ற ஊரில் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். தகப்பனார் பெரிய வக்கீல். 1892-ம் வருஷத்தில் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக நியமனம் பெற்றவர். மகன் கார்னெல் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்று, யேல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்று, தகப்பனார் தொழிலையே கைக்கொண்டார். மாகாணச் சட்டசபையில் கொஞ்ச காலம் இருந்தார். இந்த விவரங்களில் அதிசயம் ஒன்றுமில்லை. பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் வளர்ந்தார்கள்.

அவருடைய உண்மையான படிப்பு வேறோர் இடத்தில் நடந்தது. மிச்சிகன் மாகாணத்தின் வட கோடியில், ஸுபீரியர் என்னும் பேரேரியின் தென் கரையில் மார்க்கெட் என்ற ஊர் இருக்கிறது. 1870-ம் வருஷம், பதினொரு வயதுப் பையனாக, ஷைராஸ் முதல் முதலாக அந்தப் பிரதேசத்துக்குப் போனார். அதற்குப்பின் கோடைதோறும் போனார். அந்த ஊர்ப் பிரமுகர் ஒருவரின் புதல்வியையே பிற்பாடு விவாகமும் செய்துகொண்டார். ஊருக்குச் சில காத தூரத்தில் காட்டு நடுவே ஒயிட்பிஷ் ஏரி என்ற ஒரு சிறிய ஏரி. அதன் கரையிலிருந்த அவருடைய கூடாரந்தான் அவருக்குச் சர்வகலாசாலையாயிற்று.

அந்தக் காடுகளுக்கு உரியவர்கள் ஒஜிப்வே என்னும் பூர்வகுடி மக்கள். இராக் காலத்தில் மான் வேட்டையாடுவதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. தோணியின் முகப்பில் தீச்சட்டி ஒன்றை ஏற்றி வைத்து, ஓசையில்லாமல் துடுப்புப் போட்டுக் கரையோரமாகச் செல்வார்கள். தண்ணீர் குடிக்கவும் நீர்ப்பூண்டு மேயவும் வந்த மான், நெருப்பைக் கண்டு திகைத்து நின்றுவிடும். அதன் இரு கண்களும் இருட்டில் தணல்போல் மின்னும். வேடன் அந்த இரண்டு பொறிகளுக்கும் நடுவே குறி பார்ப்பான். ஷைராஸும் இளமையில் இந்த முறையைக் கற்றுக்கொண்டு மான்களைச் சுட்டார். பின்னர், சுமார் முப்பது வயதில், 1889-ம் வருஷத்தில், துப்பாக்கி இருந்த இடத்தில் காமிராவை வைத்தார். தோணி அதே தோணி. இருட்டும் ஏரியும் விளக்கும் பழையவையே. குறி பார்த்தபின் வெடித்தது மட்டும் வேறு. மெக்னீஸியம் என்னும் உலோகத் தூளைக் கொளுத்தி, கண் இமைக்கும் நேரத்துக்குப் பகல் போன்ற வெளிச்சத்தை உண்டாக்கி, அந்தக் கணத்தில் கண்ணாடித் தட்டில் படத்தைப் பதிய வைத்தார். இரவில் காட்டு மிருகங்களை இவ்விதம் படம் பிடித்தவர்களில் அவருக்கே முதலிடம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த முதன்மையில் ஒஜிப்வே மக்களுக்கு உள்ள பங்கைப் புகழுரைகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பகலில் பறவைகளைப் பிடிப்பது இதைவிடக் கடினமான காரியம். மானாவது நெருப்பைக் கண்டு நிற்கும். பறவை எதைக் கண்டும் நில்லாது. அக்காலத்துக் காமிராவோ பெரிய பெட்டி. தூரத்துப் பொருளை அருகே இழுத்துக் காட்டும் நல்ல கண்ணாடிகள் எளிதில் கிடைக்கமாட்டா. ஆகவே படம் தெளிவாக விழ வேண்டுமானால் காமிரா பறவைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். மனிதனோ வெகு தூரத்தில் இருக்க வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்த்தது ஒரு நூல். பறவைகள் வழக்கமாக வந்து உட்காரும் மணல் திட்டு, கரையோரத்துக் கட்டை, கூட்டின் பக்கம் இவற்றில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே காமிராவை நிறுத்தி, இலைகளாலும் மரப்பட்டைகளாலும் மூடி, கண்ணாடி மட்டும் வெளியே பார்க்கும்படி விடுவது. மூடுகதவின் விசையில் ஒரு நூலைக் கட்டி, அதைத் தரையோடு தரையாக வெகு தூரம் கொண்டுபோய், புதருக்குள் மறைந்திருப்பவன் கையில் கொடுப்பது. பறவை வந்து அமர்ந்ததும் நூலை இழுத்தால் படம் விழும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டைப்போல் இருக்கிறது. ஆனால் ஒரு தட்டில் ஒரே ஒரு படந்தான். விசையின் ஓசையில் பறவை பறந்துவிடும். மறைவிடத்திலிருந்து எழுந்து, காமிராவண்டை போய், தட்டை மாற்றி, விசையை மறுபடி பூட்டி, திரும்பி வந்து படுத்து, பறவையின் பயம் தெளிந்து அது மீண்டும் வரும் வரையில் காத்திருக்க வேண்டும். வராமலும் போகலாம். வெளிச்சம் போய்விடலாம். காற்று நூலை அசைத்து, ஒன்றுமில்லாத மணலைப் படம் பிடித்துவிடலாம். இன்று கம்பியில்லாமலே தூரத்திலிருந்து காமிராவை இயக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் மறைவு, தூரம், பொறுமை என்ற மூன்றும் மாறவில்லை.

நூலின் மறுநுனியை மிருகத்தின் கையிலேயே கொடுத்துவிடுவது அடுத்த படி. வழியில் குறுக்கே நூலைக் கட்டிவிட்டால், அதைத் தடுக்கிய ஜீவன் தன்னைத் தானே படம் பிடித்துக்கொள்ளும். நீர்நாயைப் போன்ற பீவர் என்னும் பிராணி கழிகளாலும் சேற்றாலும் ஓடைகளுக்கு அணை கட்டி வாழ்வது. ஷைராஸ் அதன் அணையில் ஓர் உடைப்பை உண்டாக்கி, அங்கே ஒரு கழியில் நூலைக் கட்டி வைத்தார். உடைப்பை அடைக்க வந்த பீவர் கழியை இழுத்தது; படமும் விழுந்தது. வேறு சில சமயங்களில் இரண்டு காமிராக்களை வைத்தார். முதல் வெளிச்சத்தில் மான் அமைதியாக நிற்பது ஒன்றில் விழும். அந்த வெடியால் வெருண்டு அது பாய்வது, இரண்டாவது வெளிச்சத்தில் மற்றதில் விழும். ஓடும் மானின் நான்கு கால்களும் இருட்டின் நடுவே அந்தரத்தில் நிற்கும் அப்படங்களை அதுவரை உலகம் கண்டதில்லை. நள்ளிரவுப் படங்கள் என்று பெயர் பெற்ற அவருடைய வரிசைக்கு 1900-ம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஜீவனைக் கொல்லாவிட்டாலும், உறங்கும் காட்டில் வெடியைக் கொளுத்தி அதைத் திடுக்கிட வைப்பது நியாயந்தானா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அந்தக் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அவருடைய நண்பர்கள் அதே காட்டில் அதே இரவில் எதைக் கொளுத்தினார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1906-ம் வருஷம் ஜூலை மாதத்தில் வாஷிங்டனிலிருந்து வெளிவரும் நாஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை அவருடைய 74 படங்களை ஒரே இதழில் பிரசுரித்தது. அதுவரை அந்தப் பத்திரிகை பூகோள சாஸ்திரிகளுக்காக நடந்த வறண்ட வெளியீடு. படங்களைக் கண்ட நிர்வாக சபை அங்கத்தினர் இருவர், பத்திரிகையைப் படப் புஸ்தகமாக்கிவிட்டார்கள் என்று கோபித்து ராஜிநாமாச் செய்தனர். அப்பத்திரிகை பிற்காலத்தில் எதனால் உலகப் பிரசித்தி பெற்றது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவ்விதழைப் பார்த்துவிட்டு, இதைப் பெரிய புஸ்தகமாக எழுதும்படி ஷைராஸைத் தூண்டிக் கடிதம் எழுதினார். ரூஸ்வெல்ட் பெரிய வேட்டைக்காரர் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

இனி மசோதாவுக்கு வருவோம். துப்பாக்கியோடு போகிறவன் பறவையை ஒரு நொடி பார்க்கிறான். நூலைப் பிடித்துக்கொண்டு புதரில் கிடப்பவன் ஒரே மணல் திட்டை நாள் முழுவதும் பார்க்கிறான். அடுத்த வருஷமும் அதே திட்டுக்கு வருகிறான். சென்ற ஆண்டு எத்தனை வந்தன, இவ்வாண்டு எத்தனை வந்தன என்பது அவன் கேட்காமலே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஷைராஸ் வடக்கே பேரேரியின் கரையிலும், தெற்கே கடலோரத்திலும், புளோரிடாவின் உப்பங்கழிகளில் கூழைக்கடாக்களின் நடுவிலும் இருந்து பார்த்தவர். வடக்கில் குஞ்சு பொரிக்கும் கூட்டமே தெற்கில் குளிர் காலத்தைக் கழிக்கிறது என்பதும், இரண்டு இடங்களிலும் அது குறைந்து வருகிறது என்பதும் அவருக்குப் புஸ்தக ஞானமாக இருக்கவில்லை.

குறைந்ததற்குக் காரணம் மறைவானதல்ல. ரெயில் பாதைகளும் பனிக்கட்டிப் பெட்டிகளும் வந்தபின், நகரங்களின் சந்தைகளுக்காகப் பறவைகளைக் கொல்வது பெரிய வியாபாரமாயிற்று. காட்டு வாத்துகளும் உள்ளான்களும் பீப்பாய் பீப்பாயாகப் போயின. வானத்தை மறைத்துப் பறந்த யாத்திரைப் புறாக்கள் 1878-ம் வருஷத்தில் மிச்சிகன் மாகாணத்துப் பெடாஸ்கி என்ற ஊரருகே கூடு கட்டியபோது, வேட்டைக்காரர்கள் தந்திச் செய்தி பெற்று நாற்புறமிருந்தும் வந்து குவிந்தார்கள். பிறகு அவ்வளவு பெரிய கூட்டம் அந்த இடத்துக்குத் திரும்பவில்லை. வசந்த காலத்தில், முட்டையிட வடக்கே போகும் பறவைகளையே சுடும் வழக்கமும் இருந்தது. இதைத் தடுக்கச் சில மாகாணங்கள் சட்டம் செய்தன. பக்கத்து மாகாணம் செய்யவில்லை. நாம் சுடாமல் விட்டால் அடுத்த எல்லையில் அவன் சுடப்போகிறான் என்பதே எல்லாச் சட்டசபைகளிலும் பிரதான வாதமாக இருந்தது. பொதுச் சொத்தைக் காப்பதில் இந்த வாதத்தை நாமும் பல துறைகளில் கேட்டிருக்கிறோம்.

சமஷ்டி சர்க்கார் தலையிட்டால் தீரும். ஆனால் தலையிட அதிகாரம் ஏது? 1896-ம் வருஷத்தில் கனெக்டிகட் மாகாணத்தைப் பற்றிய ஒரு வழக்கில், காடை, காட்டுக்கோழி முதலிய வேட்டைப் பறவைகள் அந்தந்த மாகாணத்து மக்களின் பொதுச் சொத்து, அவற்றை வெளியே அனுப்பாமல் தடுக்க மாகாணத்துக்கு உரிமை உண்டு என்று ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்திருந்தது. இரண்டு நீதிபதிகள் மாறுபட்டனர். தீர்ப்போடு ஒத்துப்போன பெரும்பான்மையோரில் ஷைராஸின் தகப்பனாரும் ஒருவர். அந்த நீதிபதி 1903-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி பதவியிலிருந்து விலகினார். ஒன்பது நாள் கழித்து, மார்ச்சு 4-ந் தேதி, சுயேச்சை ரிபப்ளிகனாகத் தேர்தலில் ஜயித்த மகனுடைய தவணை காங்கிரஸில் ஆரம்பமாயிற்று. வீட்டில் இருவரும் இதைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்க மனம் விரும்புகிறது. ஆனால் சரித்திரம் எழுதுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது.

1904-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஷைராஸ் தமது மசோதாவைச் சபையில் சமர்ப்பித்தார். அதன் கருத்து எளிது. ஒரு மாகாணத்தில் பிறந்து, பத்து மாகாணங்களைக் கடந்து, பதினோராவதில் குளிர் காயும் பறவையை எந்த மாகாணமும் தன் சொத்து என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகையால் வருஷம் முழுதும் ஒரே இடத்தில் தங்காத வேட்டைப் பறவைகளைச் சமஷ்டி சர்க்காரின் பாதுகாப்பில் வைக்க வேண்டும் என்பதே. அரசியலமைப்புக்கு இது விரோதமல்லவென்று வக்கீல் முறையில் விரிவான விளக்கமும் எழுதினார். சபை கேட்டுக்கொண்டது, நிறைவேற்றவில்லை. மாகாண சுதந்தரத்தில் கை வைக்கும் மசோதாவாக அது பலருக்குத் தோன்றிற்று. அந்த அச்சத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. தலைநகரத்தில் அதிகாரம் குவிவதைக் கண்டு எந்த மாகாணமும் அஞ்சுவது இயற்கை. ஆனால் எந்த எல்லைக்குள்ளும் அடங்காத பொருளை எல்லைக்குள் நின்று காக்க முயன்றால் விளைவு என்ன என்பதற்கு யாத்திரைப் புறாவே சாட்சி. ஷைராஸ் மறுபடி தேர்தலுக்கு நிற்கவில்லை. ஒரே தவணையோடு சபையை விட்டுப் போனார்.

மசோதா போகவில்லை. வேறு அங்கத்தினர்கள் அதை மீண்டும் மீண்டும் எடுத்து வந்தனர். பாடும் பறவைகளும் பூச்சி தின்னும் பறவைகளும் அதில் சேர்க்கப்பட்டன. பயிருக்குப் பூச்சியால் நேரும் நஷ்டத்தை எடுத்துக் காட்டியபின் விவசாயிகளின் ஆதரவும் கிடைத்தது. கடைசியில் விவசாய இலாகாவின் வரவு செலவு மசோதாவோடு ஒட்டப்பட்டு, 1913-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதி, ஜனாதிபதி டாப்ட் பதவியிலிருந்து இறங்கிய அதே நாளில் அவர் கையொப்பம் பெற்றுச் சட்டமாயிற்று. அதன் ஜாபிதாவில் காட்டுப் புறாவும் இருந்தது. அடுத்த வருஷம் செப்டம்பர் மாதம் முதல் தேதி, ஸின்ஸினாட்டி மிருகக்காட்சி சாலையில் கடைசி யாத்திரைப் புறா இறந்தது.

சட்டத்துக்கும் கண்டம் வந்தது. 1914-ல் ஆர்க்கன்ஸாஸில் ஒரு சமஷ்டி நீதிபதி, பறவைகள் மாகாணத்தின் சொத்து என்ற பழைய தீர்ப்பைப் பின்பற்றி, புதிய சட்டம் செல்லாதென்று விட்டார். இதற்குக் கண்ட உபாயம் சாமர்த்தியமானது. அந்நிய தேசத்தோடு செய்யும் உடன்படிக்கை மாகாணச் சட்டங்களுக்கு மேற்பட்டது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் விதி. பறவைகள் போவதோ கனடாவுக்கு. ஆகவே 1916-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டது கனடா அல்ல; கனடாவுக்காகப் பிரிட்டன். தன் வானத்தில் பறக்கும் பறவைகளைப் பற்றிப் பக்கத்து வீட்டாரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளக்கூட அந்தத் தேசத்துக்கு அன்று உரிமை இல்லை. இந்த உடன்படிக்கையை அமல் நடத்த 1918-ம் வருஷம் ஜூலை 3-ந் தேதி அமெரிக்காவில் சட்டம் பிறந்தது. மிஸ்ஸௌரி மாகாணம் ஆட்சேபித்து வழக்குத் தொடர்ந்தது. 1920-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸுப்ரீம் கோர்ட்டு ஏழு பேருக்கு இருவர் என்ற கணக்கில் சட்டத்தை ஊர்ஜிதம் செய்தது. சிறகுள்ள பொருளை எவரும் உடைமையாக்கிக்கொள்ளவில்லை என்பதே நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். ஷைராஸ் பதினாறு வருஷங்களுக்கு முன் சபையில் சமர்ப்பித்த மசோதாவின் சாரமும் அதுவே. தகப்பனார் ஒப்பிய 1896-ம் வருஷத்துத் தீர்ப்பை அதே கோர்ட்டு 1979-ல் முற்றிலும் ரத்து செய்துவிட்டது.

பிற்காலத்தில் அவர் சட்டத்தொழிலை விட்டுக் காட்டிலேயே அதிகமாக இருந்தார். எல்லோஸ்டோன் பிரதேசத்தில் மூஸ் என்னும் பெரிய மான்களை ஆராய்ந்தார்; அவற்றில் ஓர் உபஜாதிக்கு 1914-ல் அவர் பெயரையே சாஸ்திரிகள் சூட்டினர். ரூஸ்வெல்ட் கேட்ட புஸ்தகம் 1935-ம் வருஷத்தில், கேட்டவர் இறந்து பதினாறு வருஷங்கள் ஆனபின், இரண்டு பெரிய பாகங்களாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1928-ல், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தமது கண்ணாடித் தட்டுகளை அவர் நாஷனல் ஜியாக்ரபிக் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 1942-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி, மார்க்கெட் ஊரில், எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

அவருடைய கனவிலிருந்து பிறந்த உடன்படிக்கையில் ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மார்ச்சு 10-ந் தேதி முதல் செப்டம்பர் முதல் தேதி வரையில் வேட்டைப் பறவைகளைத் தொடக்கூடாதென்று அது விதித்தது. நகரத்துச் சந்தைக்குச் சுடுகிறவனை அடக்க இது சரியான விதி. ஆனால் வட கோடியில் வசிக்கும் பூர்வகுடிகளின் நாட்டுக்குப் பறவைகள் வருவதே அந்த மாதங்களில்தான். பனி உருகியதும் வரும் வாத்துகளும் முட்டைகளும் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உணவு. சிற்சில இனப் பறவைகளைப் பற்றிய சலுகைகள் நீங்கலாக, அவர்களுடைய வசந்த வேட்டை முழுவதும் ஒரே கையெழுத்தில் குற்றமாயிற்று. வாஷிங்டனும் லண்டனும் அவர்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை. புறாக்களைப் பீப்பாயில் அடைத்து அனுப்பியவர்களும் அவர்கள் அல்லர். இந்த அநீதியைத் திருத்தி, கனடாவின் பூர்வகுடிகளுக்கும் அலாஸ்காவின் சுதேசிகளுக்கும் வசந்த காலத்தில் உணவுக்காகப் பறவைகளையும் முட்டைகளையும் எடுக்கும் உரிமையை அங்கீகரிக்கும் திருத்தம் 1995-ம் வருஷத்தில் கையெழுத்தாகி, 1999-ல் அமலுக்கு வந்தது. ஷைராஸ் அப்போது இறந்து ஐம்பத்தேழு வருஷங்கள் ஆகியிருந்தன.